தி ஸ்மித்ஸ்: என் மேசைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

தருமபுரியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை எனக்கு. என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் பல ஆண்டுகளாக இருக்கிறது. பழைய செங்கல் கட்டடம் ஒன்றின் வாசலில் நான்கு இளைஞர்கள் நிற்கிறார்கள். ஜி.எஸ்.டி. கணக்குக்காக வந்து எதிரே உட்காருகிறவர்கள் அந்தப் படத்தைப் பார்க்கிறார்கள், கேட்கிறார்கள். ஒருமுறை பாட்டுப் போட்டுக் காட்டிவிட்டால் அடுத்த முறை வரும்போது இன்னொரு கேள்வியோடு வருகிறார்கள். அவர்கள் கேட்டவற்றைக் கேட்டபடியே எழுதி, நான் சொல்ல நினைத்த பதில்களை நிதானமாக இங்கே தருகிறேன்.

"யாரு சார் இவங்க? உங்க காலேஜ் பசங்களா?"

இல்லை. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் 1982-இல் உருவாகி 1987-இல் கலைந்துபோன 'தி ஸ்மித்ஸ்' என்ற ராக் இசைக்குழுவினர். மோரிசி பாடினார், பாடல் வரிகளையும் அவரே எழுதினார். ஜானி மார் கிட்டார் வாசித்தார், இசையை அமைத்தார். ஆண்டி ரூர்க் பேஸ் கிட்டார், மைக் ஜாய்ஸ் டிரம்ஸ். ஸ்மித் என்பது அந்நாட்டில் மிகச் சாதாரணமான குடும்பப் பெயர். நம் ஊரில் ஒரு குழு தனக்கு 'முருகன்கள்' என்று பெயர் வைத்துக்கொண்டால் எப்படியோ அப்படி. பகட்டான, நீளமான பெயர்கள் குழுக்களிடையே நாகரிகமாக இருந்த காலத்தில் வேண்டுமென்றே அந்தப் பெயரைத் தேர்ந்தார்கள்.

படத்தில் இருக்கும் கட்டடம் மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் உள்ள சால்ஃபோர்ட் லாட்ஸ் கிளப். 1986-இல் வெளிவந்த அவர்களுடைய 'தி குயின் இஸ் டெட்' இசைத்தட்டின் உள்ளுறையில் இந்தப் படம் இருந்தது. இன்றும் ரசிகர்கள் தேடிப் போய் அதே வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

"இண்டி ராக்குன்னா இந்தியா ராக்கா?"

கேட்கிறவர்களில் பாதிப்பேருக்கு இந்தச் சந்தேகம் வருகிறது. 'இண்டிபெண்டென்ட்' என்ற சொல்லின் சுருக்கம்தான் இண்டி. பெரிய இசைத்தட்டு நிறுவனங்களின் பணமும் கட்டளையும் இல்லாமல், சிறிய சுதந்திர நிறுவனங்கள் வழியாகத் தங்கள் இசையை வெளியிட்ட குழுக்களை அந்தப் பெயரால் அழைத்தார்கள். ஸ்மித்ஸ் சேர்ந்திருந்த ரஃப் டிரேட் நிறுவனம் லண்டனில் ஒரு சிறு இசைத்தட்டுக் கடையாகத் தொடங்கியது.

சிறிய நிறுவனம் என்பதால் சிறிய இசை என்று எண்ண வேண்டாம். 1985-இல் வந்த 'மீட் இஸ் மர்டர்' பிரிட்டனின் ஆல்பம் வரிசையில் முதலிடத்தைப் பிடித்தது. ஒற்றைப் பாட்டாகத் தனித்தட்டில் விற்கும் தனிப்பாடல்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. குழு இயங்கிய காலத்தில் அவர்களுடைய எந்தத் தனிப்பாடலும் பத்தாம் இடத்தைத் தாண்டி மேலே போகவில்லை. வானொலியும் விளம்பரப் பணமும் பெரிய நிறுவனங்களின் பக்கம் இருந்தன.

"வார்த்தையெல்லாம் உங்களுக்குப் புரியுதா அண்ணா, இல்ல சும்மா தலையாட்டுறீங்களா?"

முதலில் புரியவில்லை. பெங்களூரில் பி.காம். படித்தபோது, 1994-இல், ஷில்லாங்கிலிருந்து வந்திருந்த விடுதி நண்பன் ஒருவன் டி.டி.கே. 90 கேசட் ஒன்றில் பதிந்து கொடுத்தான். விடுமுறைக்கு ஊர் வரும் பேருந்தில் வாக்மேனில் கேட்பேன். ஓசூர் தாண்டும்வரை சரியாக ஓடும். கிருஷ்ணகிரியைத் தாண்டியதும் பேட்டரி இறங்கி, பாடுகிறவரின் குரல் தூக்கக் கலக்கத்தில் பேசுவதுபோல் இழுபடத் தொடங்கும். காவேரிப்பட்டணத்தில் பேட்டரிகளைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து மீண்டும் போட்டால் இன்னும் இரண்டு பாட்டு ஓடும். அந்த இழுபட்ட குரலில்தான் எனக்கு வார்த்தைகள் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன.

மோரிசி எழுதியது கடினமான ஆங்கிலம் அல்ல. அவர் எடுத்துக்கொண்ட விஷயங்களும் நமக்குத் தொலைவானவை அல்ல. பிரிட்டனில் வேலையில்லாதவர்கள் 30 லட்சத்தைத் தாண்டிய காலம் அது. வேலை தேடி அலைந்து, வேலை கிடைத்து, கிடைத்த பிறகும் மனம் நிறையாத ஓர் இளைஞனைப் பற்றி 1984-இல் ஒரு பாட்டு வெளியிட்டார்கள். 'ஹெவன் நோஸ் ஐ'ம் மிசரபிள் நௌ' என்பது அதன் பெயர். ஓசூர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக நான்கு ஆண்டுகள் இருந்துவிட்டு வந்த என் சித்தப்பா மகனுக்கு அதன் பொருளைச் சொன்னேன். இன்னொரு முறை போடச் சொன்னான்.

'மீட் இஸ் மர்டர்' ஆல்பம், மாணவர்களை அடித்து வதைத்த மான்செஸ்டர் பள்ளிகளைப் பற்றிய பாட்டோடுதான் தொடங்குகிறது. அதே ஆல்பத்தில், பிள்ளைகளை அடித்து வளர்ப்பதைப் பற்றி ஏறத்தாழ 7 நிமிடங்கள் ஓடும் இன்னொரு பாட்டும் உண்டு. பிரம்படி வாங்கிப் படித்தவர்களுக்கு அவற்றை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய தேவையே வருவதில்லை.

"கிட்டார் சந்தோஷமா ஓடுது, பாடுறவரு அழுவுறாரு. ரெண்டும் எப்படி ஒட்டுது?"

இதுதான் இந்தக் குழுவைப் பற்றிக் கேட்கத் தகுந்த கேள்வி என்பேன். நம் பக்கத்துச் சாவு வீட்டை நினைத்துப் பாருங்கள். வாசலில் பம்பையும் பறையும் அதிர இளைஞர்கள் வியர்வை சிந்த ஆடுவார்கள். அதே நேரத்தில் பந்தலுக்குள் பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். இரண்டும் ஒரே சாவுக்குத்தான். கூடத்தில் நிற்கும் நமக்கு ஒரு காதில் அடியும் மறுகாதில் அழுகையும் விழும்போது, ஒன்று மற்றொன்றைக் கெடுப்பதாகத் தோன்றுவதில்லை. அழுகை இன்னும் ஆழமாகத்தான் போகிறது. ஸ்மித்ஸின் பாட்டுகளில் நான் கேட்பது அதைத்தான்.

இது எப்படி நிகழ்ந்தது என்பதற்கு அவர்கள் வேலை செய்த முறையில் காரணம் இருக்கிறது. நம் திரைப்பாடல்களில் இசையமைப்பாளர் மெட்டைக் கொடுப்பார், கவிஞர் அந்தச் சந்தத்துக்குள் சொற்களை அடக்குவார். மார் அப்படி மெட்டுக் கொடுக்கவில்லை. கிட்டார் வாசித்துப் பதிந்த கேசட்டை மட்டும் கொடுப்பார். அதில் பாட்டுக்கான மெட்டு இருக்காது. மோரிசி அதை வீட்டுக்கு எடுத்துப் போய், கிட்டாருக்கு மேல் தனக்குத் தோன்றிய மெட்டில் தன் வரிகளைப் பாடிக்கொண்டு வருவார். பல்லவி வர வேண்டிய இடத்தில் அவர் பேசிக்கொண்டிருப்பார், நிறுத்த வேண்டிய இடத்தில் தொடர்வார். கிட்டார் ஒரு பாதையிலும் குரல் இன்னொரு பாதையிலும் போய்ச் சில இடங்களில் மட்டும் சந்தித்துக்கொள்ளும். அந்தச் சந்திப்புகளுக்காகத்தான் நான் முப்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒரு பாட்டை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். 'தேர் இஸ் எ லைட் தட் நெவர் கோஸ் அவுட்' பாட்டில், வீட்டுக்குப் போக விருப்பமில்லாத ஒருவர், இரவில், தனக்குப் பிரியமானவரோடு காரில் போகிறார். இப்போதே ஒரு பேருந்து மோதினாலும் உன் பக்கத்தில் சாவது பாக்கியம் என்கிறார். மிகையான பேச்சு, இருபது வயதில் எல்லோரும் மனதுக்குள் பேசிய பேச்சு. பின்னால் வயலின்களும் புல்லாங்குழலும் மெல்ல எழும்பி வந்து அதை மிகையில்லாமல் ஆக்கிவிடுகின்றன. அங்கே உண்மையில் வயலின் கலைஞர்கள் யாரும் இல்லை, மார் ஒரு மின்னணு விசைப்பலகையில் வாசித்தவைதான் அத்தனையும். 'தி குயின் இஸ் டெட்' ஆல்பத்தின் உறையில் அந்த 'வயலின் குழு'வுக்கு 'ஹேட்டட் சால்ஃபோர்ட் ஆன்சாம்பிள்' என்று ஒரு பெயரையும் கற்பித்து அச்சிட்டார்கள். இந்தப் பாட்டு 1992 வரை பிரிட்டனில் தனிப்பாடலாக வெளியிடப்படவே இல்லை.

"எதுல இருந்து ஆரம்பிக்கலாம்?"

1984 பிப்ரவரியில் வந்த முதல் ஆல்பத்திலிருந்து தொடங்காதீர்கள். பாட்டுகள் நல்லவை, ஒலிப்பதிவு உயிரற்றது. அதே ஆண்டு நவம்பரில் வந்த 'ஹாட்ஃபுல் ஆஃப் ஹாலோ' தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். அதில் பெரும்பகுதி பி.பி.சி. வானொலிக்காக, ஜான் பீல், டேவிட் ஜென்சன் ஆகியோரின் நிகழ்ச்சிகளுக்காகப் பதிந்தது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரே நாளில் வாசித்துப் பதிந்ததால் நால்வரும் ஓர் அறையில் நிற்பது காதுக்குத் தெரியும். 3.99 பவுண்டுக்கு மேல் கொடுக்காதீர்கள் என்று உறையிலேயே அச்சிட்டு விற்றார்கள். அதன் பிறகு 'தி குயின் இஸ் டெட்'. பிரிட்டனின் என்.எம்.இ. என்ற இசை இதழ் 2013-இல் எக்காலத்துக்கும் சிறந்த ஆல்பமாக அதைத் தேர்ந்தெடுத்தது.

மூன்றாவதாக, குழு உடைந்த பிறகு 1987 செப்டம்பரில் வெளிவந்த 'ஸ்ட்ரேஞ்ச்வேஸ், ஹியர் வி கம்'. ஸ்ட்ரேஞ்ச்வேஸ் என்பது மான்செஸ்டரில் உள்ள சிறைச்சாலையின் பெயர்.

"ஒரு பாட்டுல கிட்டார் நடுங்கிட்டே இருக்கே, கம்ப்யூட்டர்ல பண்ணதா?"

'ஹௌ சூன் இஸ் நௌ' பாட்டைத்தான் கேட்கிறீர்கள். கணினி இல்லை. மார் வாசித்த கிட்டார் பதிவை, தயாரிப்பாளர் ஜான் போர்ட்டரும் அவரும் சேர்ந்து ஒன்றுக்கு மேற்பட்ட ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஆம்ப்ளிஃபையர்கள் வழியாக மீண்டும் ஓடவிட்டார்கள். அந்தப் பெட்டிகளில் ஒலியைக் கூட்டிக் குறைத்து நடுங்க வைக்கும் திருகு ஒன்று உண்டு. ஒவ்வொரு பெட்டியின் நடுக்கமும் தாளத்தோடு பொருந்த வேண்டும். சில நொடிகளில் ஒன்று விலகிவிடும். டேப்பை நிறுத்திப் பின்னுக்கு ஓட்டித் திருகைச் சரிசெய்து மறுபடி தொடங்க வேண்டும். இப்படியே துண்டு துண்டாகச் சேர்த்து, ஆறரை நிமிடத்துக்கும் மேற்பட்ட பாட்டை முடித்தார்கள். சித்திரை வெயிலில் நெடுஞ்சாலையின் தார் மேல் எதிரே வரும் லாரி நெளிவதுபோல் அந்த ஒலி நெளிகிறது.

இவ்வளவு பாடுபட்ட பாட்டை 1984-இல் வேறொரு தனிப்பாடலின் பின்பக்கத்தில் நிரப்பியாகத்தான் வெளியிட்டார்கள். வானொலியில் கேட்டவர்களின் ஆர்வத்தைப் பார்த்த பிறகே 1985-இல் தனியாக வந்தது.

"அசைவம் சாப்பிட்டா இந்த பேண்டு பாட்டு கேக்கக் கூடாதாமே?"

அப்படி யாரும் தடை போடவில்லை. 'மீட் இஸ் மர்டர்' என்றால் புலால் என்பது கொலை என்று பொருள், அந்தத் தலைப்புப் பாட்டில் மாடுகளின் கதறலும் அறுக்கும் இயந்திரத்தின் ஓசையும் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கும் வீடுதான் என்னுடையது. வள்ளலாரைப் பற்றிக் கேட்டு வளர்ந்தும் நாக்கை மாற்றிக்கொள்ளாதவன் நான். அந்தப் பாட்டு ஓடும்போது எனக்குச் சங்கடமாகவே இருக்கிறது. சங்கடப்பட வேண்டும் என்றுதான் அதை எழுதினார்கள் என்பதால் தாண்டிப் போகாமல் முழுவதும் கேட்கிறேன்.

"நல்லா ஓடிட்டிருக்கும்போதே ஏன் பிரிஞ்சாங்க?"

மார் களைத்துப் போனார். பெரும்பாலான நேரம் குழுவுக்கு நிலையான மேலாளர் என்று ஒருவர் இருந்ததில்லை. இசை அமைப்பது, ஒலிப்பதிவைக் கவனிப்பது போதாதென்று நிர்வாகத்தின் பெருஞ்சுமையும் இருபத்து மூன்று வயதுப் பையனின் தலையில் விழுந்தது. ரஃப் டிரேட் நிறுவனத்தை விட்டு விலகக் குழு முயன்று, அது வழக்காகி, முடித்து வைத்த 'தி குயின் இஸ் டெட்' வெளிவரப் பல மாதங்கள் தாமதமானது. 1986 இறுதியில் இ.எம்.ஐ. என்ற பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள், ஆனால் அதற்காக ஒரு பாட்டுகூடப் பதியவில்லை.

கடைசி ஒலிப்பதிவு 1987 மே மாதத்தில் நடந்தது. 1960-களின் பாடகி சில்லா பிளாக்கின் பழைய பாட்டொன்றை வாசிக்கலாம் என்று மோரிசி விரும்பினார், மாருக்கு அது பிடிக்கவில்லை. அந்த ஆண்டு நடுவில் அவர் விலகினார். வேறு கிட்டார் கலைஞரைத் தேடிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. மேலே சொன்ன கேசட் வேலைமுறையை நினைத்துக்கொண்டால், ஏன் நடக்கவில்லை என்பது விளங்கும்.

"காசுக்காக கோர்ட்டுக்குப் போனாங்களாமே, உண்மையா?"

உண்மை. இதை ஒரு கணக்கராகவும் சொல்ல வேண்டியிருக்கிறது. இசைத்தட்டு, மேடை வருமானத்தில் மோரிசியும் மாரும் ஆளுக்கு 40 சதவீதமும், ரூர்க்கும் ஜாய்ஸும் ஆளுக்கு 10 சதவீதமும் பெற்றுவந்தார்கள். பாட்டு எழுதியதற்கான உரிமைத்தொகை வேறு, அது எழுதிய இருவருக்கே போயிற்று, அதில் யாருக்கும் வழக்கில்லை. ரூர்க் பணக் கஷ்டத்தில் 1989-இலேயே ஒரு தொகையை வாங்கிக்கொண்டு சமரசமாகிவிட்டார். ஜாய்ஸ், சம பங்கு கேட்டு, மோரிசி, மார் இருவர் மேலும் வழக்கைத் தொடர்ந்து நடத்தினார். 1996 டிசம்பரில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. நான்கில் ஒரு பங்கு, அதாவது 25 சதவீதம், அவருக்கு உரியது என்றது நீதிமன்றம். மோரிசியின் மேல்முறையீடு 1998-இல் தள்ளுபடியானது.

தீர்ப்புக்கு அடிப்படை, பிரிட்டனின் 1890-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம். பங்கு விகிதத்தைப் பற்றி வேறு உடன்பாடு இல்லையென்றால் பங்காளிகள் எல்லோருக்கும் சம பங்கு. நம்முடைய 1932-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவும் இதையேதான் சொல்கிறது. மாம்பழக் கூழ் ஆலை, போர்வெல் வண்டி என்று எதையாவது கூட்டாகத் தொடங்கிவிட்டு, 'எழுத்தெல்லாம் எதுக்கு சார், நாங்க அண்ணன் தம்பி மாதிரி' என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை நான் மாதம் ஒருமுறையாவது பார்க்கிறேன். அவர்களுக்கு இந்த நால்வரின் கதையைச் சொல்லித்தான் பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறேன்.

"மறுபடி ஒண்ணா சேருவாங்களா?"

சேர முடியாது. 2008-இல் மோரிசியும் மாரும் சந்தித்து அதைப் பற்றிப் பேசினார்கள் என்று மார் பின்னர் எழுதியிருக்கிறார், பேச்சோடு நின்றது. 2023 மே 19 அன்று ஆண்டி ரூர்க் கணையப் புற்றுநோயால் இறந்தார். வயது 59. பள்ளிக்கூடத்திலிருந்தே மாரின் நண்பர் அவர். மேலே சொன்ன 7 நிமிடப் பாட்டை ஒருமுறை பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். அவர் இல்லாமல் யார் மேடையேறினாலும் அது வேறு குழுவாகத்தான் இருக்கும்.

"பாடுனவரு நம்மள மாதிரி ஆளுங்களுக்கு எதிராப் பேசுறவராமே? அப்புறமும் எப்படிக் கேக்குறீங்க?"

கேட்டவர் கோபமாகக் கேட்டார், கோபத்தில் நியாயம் இருந்தது. 1988-இல் வந்த மோரிசியின் முதல் தனி ஆல்பத்திலேயே, இங்கிலாந்தில் ஒட்டிக்கொள்ள முயலும் ஒரு வங்காளியைப் பற்றி, நீ இந்த இடத்துக்கு உரியவன் இல்லை என்னும் தொனியில் ஒரு பாட்டு இருக்கிறது. 2019-இல் 'ஃபார் பிரிட்டன்' என்ற தீவிர வலதுசாரிக் கட்சியின் பேட்ஜை அணிந்துகொண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் பாடினார். இவற்றுக்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன். லண்டனில் கடை வைத்திருக்கும் எந்தத் தமிழரும் அந்த வங்காளியின் இடத்தில் தன்னை வைத்துப் பார்ப்பார். நானும் வைத்துப் பார்த்தேன், வலித்தது. அவருடைய தனி ஆல்பங்களை வீட்டில் வைத்திருக்கவில்லை.

ஸ்மித்ஸை விடவில்லை. அவர்கள் நால்வரும் சேர்ந்து கடைசியாகக் கச்சேரி செய்தது 1986 டிசம்பர் 12, லண்டன் பிரிக்ஸ்டன் அகாடமியில். தென்னாப்பிரிக்க நிறவெறிக்கு எதிரான இயக்கத்துக்காக நடந்த நிகழ்ச்சி அது. அந்தப் பாட்டுகளுக்குள் இருக்கும் கிட்டாரையும் பேஸையும் டிரம்ஸையும் ஒருவருடைய பிற்காலப் பேச்சுக்காக நான் எழுதிக் கொடுத்துவிட முடியாது. நீதிமன்றம் சொன்ன விகிதத்தை ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். அவருடைய பங்கு நான்கில் ஒன்று. என்னைப் போல் செய்யாமல், முழுவதையும் விட்டுவிட்டவர்களும் உண்டு. அவர்களோடு நான் வாதிடுவதில்லை.

"நான் எப்படி வாசிச்சாலும் அந்தச் சத்தம் வரமாட்டேங்குது மாமா, எங்க தப்பு?"

என் தெருவில் இருக்கும், தேவாலயத்தில் கிட்டார் வாசிக்கும் பையன் கேட்டது. அவன் தப்பு ஒன்றுமில்லை. மார் பல பாட்டுகளில் ஆறு கம்பிகளையும் ஒரு முழுச் சுரம் கூட்டிச் சுருதி சேர்த்தார். கம்பியை முறுக்கி அறுத்துக்கொள்ள வேண்டாம், இரண்டாம் கட்டையில் கேபோ என்னும் கவ்வியை மாட்டினால் போதும். அடுத்து, கோர்டை ஒரேயடியாக வாரி அடிக்காமல் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மீட்ட வேண்டும். வலக்கை மணிக்கட்டு தளர்ந்திருக்க வேண்டும்.

மூன்றாவது விஷயத்தை ஒரு கிட்டாரால் செய்ய முடியாது. 1983-இல் வந்த 'திஸ் சார்மிங் மேன்' பாட்டில் ஒன்றன் மேல் ஒன்றாகப் பல கிட்டார் தடங்களை அடுக்கியிருக்கிறார். ஓரிடத்தில் உலோகக் கைப்பிடி உள்ள கத்தியைக் கிட்டார் கம்பிகளின் மேல் போட்டு வந்த ஓசையையும் சேர்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பையன் இதைக் கேட்ட அன்று மாலையே அவன் அம்மா சமையலறைக் கத்தியைத் தேடியிருக்கிறார்.

"ஒரு கேசட்ட வச்சு இவ்வளவு சொல்றீங்களே, எல்லாப் பாட்டும் கேட்டிருக்கீங்களா?"

இன்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன். அவர்கள் பதிந்தது எழுபது சொச்சம் பாட்டுகள்தான், இரண்டு விடுமுறை நாட்களில் முடிந்துவிடும். ஆனால் நெடுங்காலம் மூன்று பாட்டுகள் எனக்கு இல்லாமல் இருந்தன. கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம், 'ஹாட்ஃபுல் ஆஃப் ஹாலோ' 56 நிமிடம். பதின்மூன்றாவது பாட்டோடு டேப் நின்று பொத்தான் டக்கென்று எழும்பிவிடும். அதோடு அந்த ஆல்பம் முடிந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தருமபுரி பேருந்து நிலையத்துக்கு அருகே இணைய மையங்கள் வந்த பிறகுதான், ஒரு நாள் பாட்டுப் பட்டியலைப் பார்த்து, பதினாறு என்று இருப்பதைக் கண்டு திகைத்தேன். கடைசிப் பாட்டின் பெயர் 'ப்ளீஸ், ப்ளீஸ், ப்ளீஸ், லெட் மி கெட் வாட் ஐ வாண்ட்'. இரண்டு நிமிடம்கூட இல்லை. ஒரே ஒருமுறையாவது நான் கேட்டதைக் கொடு என்று ஒருவர் வேண்டிக்கொள்கிறார், அவ்வளவுதான் பாட்டு. குரல் நின்ற பிறகு மாண்டலின் தனியாக வருகிறது. இனிப் பாடுவார் என்று நாம் காத்திருக்கும்போதே அதுவும் முடிந்துவிடுகிறது. அரை மணி நேரத்துக்குக் காசு கட்டியிருந்தேன். அந்த அரை மணி நேரமும் அதையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன். கடைக்காரர் வந்து தோளைத் தொட்டு, "நேரம் ஆயிடுச்சு சார்" என்றார். இன்னோர் அரை மணிக்குக் காசு கொடுத்தேன்.